வில்லிஸா, சிஜே-3பியா, ஜோங்காவா, ஜிப்சியா: பழைய ராணுவ வண்டி எடுக்கும் முன்

போன மாதம் என் அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். காயலாங்கடை மதில் ஓரம், சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும் இடத்தில் ஒரு ஜோங்கா, ராணுவத்துக்காகச் செய்த ஜீப் போன்ற வண்டி. பானெட் இல்லை, முன்கண்ணாடி இல்லை, நான்கு சக்கரமும் பாதி மண்ணுக்குள். பம்பரில் மட்டும் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும் அதையடுத்து இரண்டு இலக்கங்களும் துருவுக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தன. இந்திய ராணுவப் பதிவெண் அந்த அம்பில்தான் தொடங்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்கு வந்த ஆண்டு. "மாமா, 78 வண்டி. எடைக்குத்தான் போடப் போறாங்களாம். எடுத்துரலாமா?" என்று கீழே எழுதியிருந்தான்.

ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, நம் ஊர்ப் பக்கம் ஒருவரால் தேடிப் பிடிக்கக்கூடிய பழைய ராணுவ வண்டிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலும் மைலேஜ், தோற்றம், விலை என்றுதான் ஒப்பிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. அந்த வண்டியில் அதனுடைய சொந்த எஞ்சின், சொந்த சேசிஸ் (அடிச்சட்டம்), சொந்த உடம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? மிஞ்சியதை மாற்றாமல் வைத்துக்கொள்ள நம்மால் முடியுமா? ஆசைக்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. சட்டமும் இப்போது அதையேதான் கேட்கிறது.

அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை 'விஏ' என்ற எழுத்து வரும் தனி வரிசையில் பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் ஆபீசுக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 50 ஆண்டு என்பது முதல் பதிவிலிருந்து வரும் கணக்கு. 1944-இல் செய்த வண்டியாகவே இருந்தாலும் ஆர்.சி. புக்கில் முதல் பதிவு என்று என்ன தேதி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விஏ வேண்டாம், சாதாரணப் பதிவே போதும், ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கட்டு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் சொல்வது ஒன்றுதான்: தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது.

சரி, ராணுவத்திலிருந்து நேராக வந்த, இதுவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தைப் பார்க்காத வண்டி என்றால்? முன்னாள் ராணுவ வண்டியைப் பதிய வேண்டுமென்றால், உரிய அதிகாரிகள் படிவம் 21-இல் கொடுத்த அசல் விற்பனைச் சான்று வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆம் விதி. நகல் போதாது. காயலாங்கடைக்காரர் கையில் இருப்பது பல சமயம் மொத்த இரும்பாக ஏலம் எடுத்ததற்கான ரசீதுதான். அந்த ரசீதை வைத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாம், ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது.

இப்போது வண்டிகளுக்கு வருவோம். வில்லிஸிலிருந்து தொடங்குகிறேன். எனக்கே அதில் ஒரு பழைய காயம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்காக 1941-க்கும் 1945-க்கும் இடையில் அமெரிக்காவில் ஏறக்குறைய 6,40,000 ஜீப்புகள் செய்தார்கள். வில்லிஸ் செய்தது எம்பி, அதே வரைபடத்தை வாங்கி ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. இம்பால், கோஹிமா, பர்மா முனைகளுக்காக வந்திறங்கியவற்றில் பல, போர் முடிந்ததும் உபரியாகக் கழிக்கப்பட்டு நம் நாட்டிலேயே தங்கின. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன், மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துச் சொல்லச் சில அடையாளங்கள் உண்டு. ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டி போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுத் தலைகளிலும் சின்னச் சின்ன உறுப்புகளிலும்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால வண்டி. ஏழு இருந்தால் பிறகு வந்த சிவிலியன் ஜீப். எனக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்த இடம் ஹெட்லைட். ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கு அப்படியே பின்பக்கம் திரும்பி எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கும். இருட்டில் காட்டுக்குள் நின்று ரிப்பேர் பார்க்கும் சிப்பாயை நினைத்து ஒருவர் வரைந்த வண்டி அது.

பல வருடங்களுக்கு முன் 'ஒரிஜினல் ஜிபிடபிள்யூ' என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒன்றை வாங்கினேன். பெயின்டைச் சுரண்டினேன், சந்தோஷப்படும்படி இரண்டு இடத்தில் 'எஃப்' கிடைத்தது. பட்டறையில் தூக்கி நிறுத்திக் கீழே போய்ப் பார்த்தால் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். எஞ்சின் மூன்றாவது வகை. ஆர்.சி. புக்கில் மஹிந்திரா. மூன்று வண்டியின் மிச்சத்தை ஒன்றாகக் கட்டி, மேலே நான்கு கோட் பட்டியும் பெயின்டும் பூசியிருந்தார்கள். விற்றவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பார்க்காதது என் தவறு. எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு, உதிரி உதிரியாகத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தேன்.

அதனால் வில்லிஸ் பற்றி என் கருத்து கண்டிப்பானது. சேசிஸ் எண், எஞ்சின், ஆர்.சி. மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் எடுங்கள். ஒத்துப்போகும் வண்டிக்குக் கேட்கும் விலை முதல்முறை இறங்குபவர்களுக்குக் கட்டாது. ஒத்துப்போகாத வண்டியின் விலை கட்டும்படி இருக்கும், ஆனால் அது வில்லிஸ் அல்ல. உதிரி கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் இருப்பதால் பிலிப்பைன்ஸின் எம்.டி. ஜுவான் போன்றவர்கள் முழு உடம்பையே புதிதாக அடித்துத் தருகிறார்கள். ஆனால் புது உடம்பைப் போட்டபின் உங்களிடம் இருப்பதில் பழையது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஹிந்திரா சிஜே-3பி. நம்மில் பலருக்கு 'ஜீப்' என்றால் மனதில் வரும் உருவம் இதுதான். பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், எஸ்டேட் ஜீப், மைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வந்த ஜீப் எல்லாமே இந்தக் குடும்பம். ராணுவத்திலும் நிறையவே ஓடியது. வில்லிஸ் 1953-இல் கொண்டுவந்த வடிவம் இது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பிறகும் இங்கே பல வருடம் தொடர்ந்து செய்தார்கள். பானெட் மட்டும் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். பழைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருந்தன. இதில் இன்லெட் வால்வை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸாஸ்ட் வால்வு கீழேயே தங்கியது. எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது. சிலிண்டரின் அளவு பழைய போர்க்கால எஞ்சினின் அதே அளவுதான், சக்தி மட்டும் 70 குதிரைத்திறனைத் தாண்டியது.

அந்த ஒற்றுமைதான் இதன் பெரிய பலம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய, ஓவர்சைஸ் பிஸ்டன் தேட, கிராங்கைச் சாணை பிடிக்கக் கோயம்புத்தூரில் கை பழகிய லேத் பட்டறைகள் இருக்கின்றன. சென்னை என்றால் புதுப்பேட்டையில் ஒரு நாள் நடந்தாலே பாதி உதிரி கிடைக்கும். கியர்பாக்ஸில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழும், முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் கசியும். இவை இரண்டும் இந்த வண்டியின் பிறவிக் குணம், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு டீசல் எஞ்சினைத் திணித்த வண்டிகளுக்கு. பெட்ரோல் செலவுக்குப் பயந்து அந்தக் காலத்தில் ஊரெல்லாம் இப்படிச் செய்தார்கள். பிழைப்புக்கு ஓட்டியவர்கள் செய்ததில் தப்பில்லை. ஆனால் இன்று சீரமைக்க எடுக்கும் நீங்கள், கழற்றப்பட்ட அந்த எஞ்சினைத் தேடித்தான் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.

பஞ்சாபின் மோகா, ஹரியானாவின் மண்டி டப்வாலி பக்கம் பழைய உதிரிகளைக் கூட்டி, புது உடம்பு கட்டி, பளபளவென்று ஜீப் செய்து தரும் பட்டறைகள் பெயர் போனவை. கைவேலை உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் அது புதிதாகக் கட்டிய வண்டி. இந்தக் கட்டுரையில் நாம் தேடுவது அது இல்லை.

ஜோங்காவுக்கு வருகிறேன். போட்டோவில் இருந்ததும் அதுதான், பையனின் மனசு இருந்ததும் அதில்தான். தோனி 2019-இல் ராஞ்சியில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்த பிறகு நம் ஊர் இளைஞர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். நிசான் பேட்ரோலின் உரிமத்தை வாங்கி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் ராணுவத்துக்காகச் செய்தார்கள். 3,956 சிசி, ஆறு சிலிண்டர், பெட்ரோல், 110 குதிரைத்திறன். 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கியைச் சுமந்துகொண்டு எல்லையில் ஓடியது. மேட்டில் முதல் கியரில் அந்த ஆறு சிலிண்டர் எழுப்பும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் பிறகு வேறு வண்டி பிடிக்காது, நான் கேட்டிருக்கிறேன்.

பிரச்சினை அந்தச் சத்தத்தின் விலை. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். அதனால்தான் வெளியே வந்த ஜோங்காக்களில் பல டீசலுக்கு மாறின. 1996-இல் தொழிற்சாலையே டீசல் எஞ்சின் போட்டுப் பொதுமக்களுக்கும் விற்றுப் பார்த்தது, சில வருடத்தில் நின்றுபோனது. பெட்ரோல் எஞ்சினுடன் கிடைக்கும் ராணுவ ஜோங்கா குறைந்துகொண்டே வருகிறது. கிடைத்தால் உதிரிக்கு ஒரு வழி உண்டு: நிசான் 1 டன் என்று நாம் சொல்லும் ராணுவ லாரியிலும் இதே எஞ்சின் குடும்பம்தான். காயலாங்கடையில் ஜோங்காவின் எஞ்சின் என்று கேட்டால் இல்லை என்பார்கள். 1 டன் எஞ்சின் என்று கேட்டுப் பாருங்கள். உடம்புத் தகடு கனமானது, டிங்கரிங் செய்ய நிறைய இரும்பு மிஞ்சியிருக்கும். ஆனால் கதவுச் சட்டம், முன்கண்ணாடிச் சட்டம் போன்ற சின்ன உறுப்புகளைப் புதிதாக அடித்துத் தர ஆள் இல்லை. இன்னொரு செத்த ஜோங்காவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஜோங்கா எடுப்பவர் இரண்டு எடுக்க வேண்டிவரும், ஓடுவதற்கு ஒன்று, உதிரிக்கு ஒன்று. இரண்டு வண்டிக்கு இடம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஜிப்சி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1985-இல் ஒரு லிட்டருக்கும் குறைவான எஞ்சினோடு வந்தது, 1996-இல் 1.3 லிட்டர். ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. எடை குறைவு, உதிரி எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். குடும்பத்தோடு வால்பாறை போய்வர வேண்டும், மழை நாளிலும் ஓட்ட வேண்டும் என்றால் இதைவிட்டால் வேறில்லை. தரைத் தகட்டிலும், பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இடத்திலும் துருவைப் பாருங்கள். மற்றபடி, இதைச் சீரமைப்பதில் தேடல் குறைவு, அதனால் எனக்குச் சுவாரஸ்யமும் கொஞ்சம் குறைவு. இன்னும் இருபது வருடம் போனால் நான் வேறு மாதிரி எழுதுவேனோ என்னவோ.

சக்திமான் லாரி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த அருமையான லாரி. ஆனால் நிறுத்த ஒரு களம் வேண்டும், ஓட்டக் கனரக லைசென்ஸ் வேண்டும். தோட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

எங்கே வாங்குவது என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். ராணுவம் கழிக்கும் வண்டிகள் மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனம் மூலம் மின்னணு ஏலத்துக்கு வருகின்றன. இருந்த இடத்தில் இருந்தபடி விற்பார்கள். குறித்த நாளில் டெப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். பெரும்பாலும் மொத்தமாகக் கட்டி விற்பதால் ஒற்றை ஆளுக்குத் தோதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்கு வங்கத்தின் பானாகர் பழைய ராணுவ வண்டிகளுக்கே பெயர் பெற்ற சந்தை. தேர்வு அங்கே அதிகம், ஆனால் வெளிமாநில வண்டிக்குத் தடையின்மைச் சான்று வாங்கி, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவரும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாதி வேலை முடிந்து நிற்கும் வண்டி மலிவாகத் தெரியும். பிரித்தவர் எந்த போல்ட்டை எந்த டப்பாவில் போட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பாதி வேலை வண்டியைவிட, கழற்றப்படாமல் துருப்பிடித்து நிற்கும் வண்டி எவ்வளவோ மேல். எது எங்கே இருக்க வேண்டும் என்பதையாவது அது காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் கடைசியில் இடறி விழும் இடம் இதுதான். பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி. எனக்கு இது வருத்தம்தான், அந்த வண்டி பிறந்ததே அந்த நிறத்தில். ஆனால் காரணம் நியாயமானது, ராணுவ வண்டி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. பாலைவன மணல் நிறம், சாம்பல் என்று ஆர்.சி.யில் எழுதக்கூடிய ஒன்றை அடியுங்கள். பழைய பச்சையை டேஷ்போர்டின் உட்பக்கத்திலோ டூல் பாக்ஸுக்குள்ளோ ஒரு கையளவு சுரண்டாமல் விட்டுவையுங்கள், பின்னால் பார்ப்பவருக்கு அது சாட்சி. அம்புக்குறி எண்ணையும் ரோட்டில் பதிவெண்ணாக மாட்டக் கூடாது.

பெட்ரோல் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எதுவும் அதற்காகச் செய்ததில்லை. இந்த நான்கில் எதை எடுத்தாலும், எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இவற்றையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு பிடிக்கும்.

அப்புறம் பையனின் முடிவு. அவனுக்கு வேலை பெங்களூரில், வீடு இங்கே. மாதம் இரண்டு சனி ஞாயிறுதான் கிடைக்கும். ஒற்றை ஷெட். முதல் சீரமைப்பு. இப்படிப்பட்டவருக்கு நான் தயங்காமல் சிஜே-3பி என்பேன். சொந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஒழுங்கான ஆர்.சி.யும் இருக்கும் ஒன்றைத் தேடி ஆறு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை. ஓட்டுவதுதான் முக்கியம் என்பவர் ஜிப்சிக்குப் போகலாம். ஜோங்கா, பெட்ரோல் செலவையும் இரண்டாவது வண்டியையும் மனமார ஏற்றுக்கொள்பவருக்கு. வில்லிஸ், ஏற்கெனவே ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டி, ஏமாறாமல் பார்க்கக் கண் பழகியவருக்கு.

இருந்தாலும் அந்த 78 ஜோங்காவைப் பார்க்கப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. கையில் இருந்தது மொத்த இரும்பு ரசீது, விற்பனைச் சான்று இல்லை. சேசிஸைப் பின்பக்கம் ஏற்கெனவே கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். ரோட்டில் ஓட அதற்கு வழியே இல்லை. ஆனால் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின், உள்ளேயே இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, மூன்றாம் நாள் நீளக் கம்பியைப் போட்டுத் திருப்பினோம். கிராங்க் அசைந்தது.

பையன் அதை வாங்கவில்லை. கோத்தகிரியில் டீசலுக்கு மாறிய ஒரு ஜோங்காவை, அதன் பெட்ரோல் எஞ்சினுக்காக நான்கு வருடமாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அன்று மாலையே போன் செய்தேன். வியாழக்கிழமை மினி லாரி எடுத்துக்கொண்டு வந்தார். எடை போட்டு, இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன்கண்ணாடிச் சட்டத்தின் மிச்சத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்.